ஏரிக்கரையில் விடுமுறை வீடு: எதை நாமே செய்யலாம், எதை விட்டுவிட வேண்டும்?

கரைமேல்வீடு:
வணக்கம். ஏரியை ஒட்டி ஒரு துண்டு நிலம் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. தண்ணீரை நோக்கி மெல்லச் சரியும் நிலம். இரண்டு அறை, சமையலறை, ஏரியைப் பார்த்தபடி ஒரு திண்ணை, எல்லாம் சேர்த்து 65 சதுர மீட்டருக்குள் ஒரு சின்ன வீடு போதும். வார இறுதியிலும் விடுமுறையிலும் போய்த் தங்குவதற்கு மட்டும்தான்.

நான் அலுவலக வேலை பார்ப்பவன். ஆனால் கையால் வேலை செய்யப் பிடிக்கும். இப்போது இருக்கும் வீட்டில் குளியலறைக்கு டைல் ஒட்டியிருக்கிறேன், அலமாரிகள் செய்திருக்கிறேன். முடிந்தவரை நாமே செய்வோம் என்று நானும் மனைவியும் பேசி வைத்திருக்கிறோம். எங்கள் பட்டியல்: அஸ்திவாரக் குழி, வயரிங், குழாய் வேலை, செப்டிக் டேங்க், டைல், பெயிண்ட், தண்ணீர் வரை போகும் மரத்தளம், கரையோரமாக ஒரு கல் சுவர். இதில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை விட வேண்டும்? செய்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கலவைக்காரர்:
முப்பது வருடமாகக் கட்டட வேலையில் இருக்கிறேன். தம்பி, உங்கள் பட்டியலில் முதல் வேலையே விட்டுப்போயிருக்கிறது. தண்ணீர் எதுவரை ஏறும் என்று கண்டுபிடித்தீர்களா?

நீங்கள் நிலம் பார்த்த நாளில் ஏரி இருந்த இடம் அதன் இடம் கிடையாது. கரையோர மரங்களைப் போய்ப் பாருங்கள். பட்டையில் வண்டல் படிந்த கோடு இருக்கும். தாழ்ந்த கிளைகளில் காய்ந்த புல்லும் சருகும் சிக்கியிருக்கும். எல்லா மரத்திலும் ஒரே உயரத்தில் இருந்தால், அதுவரை தண்ணீர் நின்றிருக்கிறது. அங்கே வெகுநாளாக மீன் பிடிப்பவர்களிடம் கேளுங்கள். "உங்களுக்குத் தெரிந்து தண்ணீர் எதுவரை வந்தது?" என்றால் ஒரு கல்லையோ மரத்தையோ கை நீட்டிக் காட்டுவார்கள். அந்த அடையாளம் எந்தக் காகிதத்திலும் இருக்காது.

அந்த உயரத்தை வீடு வரப்போகும் இடத்துக்குக் கொண்டுவருவது நீங்களே செய்ய வேண்டிய வேலை. பதினைந்து மீட்டர் ட்யூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய், போதும். தண்ணீர் நிரப்பும்போது ஒரு முனையை மேலே பிடித்து மெதுவாக விடுங்கள். உள்ளே ஒரு குமிழி நின்றாலும் மட்டம் பொய் சொல்லும், அதனால் ட்யூப் முழுவதையும் விரலால் தட்டிக்கொண்டே வாருங்கள். மரத்தின் கோட்டில் ஒருவர், முளைக்குச்சியில் ஒருவர். இரண்டு முனையிலும் தண்ணீர் ஆடி அடங்கும் வரை பேசாமல் நிற்க வேண்டும். அடங்கிய பிறகு பென்சிலால் கோடு. அங்கிருந்து அடுத்த முளை. இப்படியே வீட்டு மனை வரை வாருங்கள். பேஸ்மட்டம், அதாவது வீட்டின் தரைமட்டம், அந்தக் கோட்டுக்கு மேல் குறைந்தது 60 செ.மீ. இருக்கும்படி வைப்பது என் வழக்கம். ஏரிக்கரையில் நான் பார்த்த தலைவலிகளில் பாதி இந்த ஒரு அளவை எடுக்காததால் வந்தவை.

தண்ணீரிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்ற விதி இடத்துக்கு இடம் மாறும். உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையை நம்பிக் குழி தோண்ட வேண்டாம்.

மண்ணும்நீரும்:
அண்ணன் சொன்னது மேலே வரும் தண்ணீர். நான் கீழே இருக்கும் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன், கழிவுநீர் அமைப்புதான் என் தொழில்.

செப்டிக் டேங்க் வரப்போகும் இடத்தில் ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு ஒரு சோதனைக் குழி தோண்டுங்கள். மண்வெட்டியும் கடப்பாரையும் போதும், ஒரு நாள் வேலை. வெயில் நன்றாக இருக்கும் நேரத்தில் குழியின் பக்கவாட்டைக் கத்தியால் சீவிவிட்டு மண்ணின் நிறத்தைப் பாருங்கள். குழியை ஒரு இரவு விட்டுவைத்து மறுநாள் காலையில் தண்ணீர் ஊறியிருக்கிறதா என்றும் பாருங்கள். யாராவது தவறி விழாதபடி மேலே பலகை போட்டு மூடி வையுங்கள். பார்த்ததை இங்கே எழுதுங்கள், மேலே பேசலாம்.

மின்கம்பி:
வயரிங் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காக வந்தேன். எலக்ட்ரிகல் வேலை என் பிழைப்பு. என் வேலை போய்விடும் என்பதற்காகச் சொல்லவில்லை: மெயின் போர்டு, எர்த், இணைப்புகள் எல்லாவற்றையும் உரிமம் உள்ளவரிடம் விடுங்கள். உங்களுக்கு மிஞ்சும் வேலையும் நிறைய இருக்கிறது. எந்தச் சுவரில் எந்த உயரத்தில் பாயிண்ட் என்று நீங்களே சுவரில் சாக்பீஸால் குறித்துக்கொண்டு, அந்த வீட்டில் ஒரு நாள் வாழ்ந்து பாருங்கள். படுக்கைக்குப் பக்கத்தில் கை எங்கே போகிறது, இருட்டில் கதவைத் திறந்தால் சுவிட்ச் எங்கே இருந்தால் எட்டும் என்று. பைப் பதிக்கச் சுவரில் காடி வெட்டுவதையும் எலக்ட்ரீஷியன் குறித்துக் கொடுத்த கோட்டில் நீங்கள் செய்யலாம். பூச்சு வேலைக்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும் அளவு டேப் வைத்துப் போட்டோ எடுத்து வையுங்கள். பத்து வருடம் கழித்து ஆணி அடிக்கும்போது அந்தப் போட்டோ காப்பாற்றும்.

முக்கியமானது ஒன்று. தண்ணீர் வரை போகும் மரத்தளத்துக்கு வீட்டு மின்சாரத்தை இழுக்காதீர்கள். ஏரித் தண்ணீர் உப்பில்லாத தண்ணீர், அது மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. நம் உடம்பு அதைவிட நன்றாகக் கடத்தும். மரத்தளத்தில் கசியும் மின்சாரம் தண்ணீரில் நீந்துகிறவரின் உடம்பு வழியாகப் போகப் பார்க்கும். கை கால் செயலிழந்து, சத்தம்கூட போட முடியாமல் மூழ்கிவிடுவார்கள். வெளியே பார்த்தால் நீச்சல் தெரியாமல் போனது போல் இருக்கும். அங்கே விளக்கு வேண்டுமென்றால் சின்ன சோலார் விளக்கு வையுங்கள். வீட்டுக்குள் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதாவது மின்சாரம் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச், கட்டாயம். அதன் டெஸ்ட் பட்டனை ஒவ்வொரு முறை போகும்போதும் அழுத்திப் பாருங்கள்.

கரைமேல்வீடு:
அந்த விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. மரத்தளத்துக்கு பிளக் பாயிண்ட் ஒன்று வரைபடத்திலேயே போட்டு வைத்திருந்தேன். அழித்துவிட்டேன்.

மரக் கோடு கிடைத்தது. ஆறு மரத்தில் ஒரே உயரம். பெரியவர் ஒருவர் அதற்கும் ஒரு கை அளவு மேலே ஒரு பாறையைக் காட்டினார், தன் சிறு வயதில் அதுவரை வந்ததாக. ட்யூப் லெவலில் அந்தப் பாறையிலிருந்தே மட்டம் கொண்டுவந்தோம், நானும் மகளும். நான் வரைந்திருந்த தரைமட்டம் அந்தப் பாறைக்கு 20 செ.மீ. கீழே!

குழியும் தோண்டினேன். மேலே ஒரு முழம் கறுப்பு மண். அப்புறம் பழுப்பு. 1.1 மீட்டருக்குக் கீழே சாம்பல் நிறம், அதில் அங்கங்கே துரு நிறத்தில் புள்ளி புள்ளியாக. மறுநாள் காலையில் 1.4 மீட்டரில் தண்ணீர் ஊறி நின்றது. இது நல்ல கோடை.

மண்ணும்நீரும்:
அருமையாகப் பார்த்திருக்கிறீர்கள். அந்தத் துருப் புள்ளிகள்தான் நான் தேடியது. மண்ணில் இரும்பு உண்டு. தண்ணீர் நின்று காற்று போகாத காலத்தில் இரும்பு கரைந்து மண் சாம்பல் நிறமாகும். தண்ணீர் இறங்கிக் காற்று புகும்போது அங்கங்கே துருப்பிடித்துப் புள்ளி விழும். அதாவது நீங்கள் பார்த்த நாளில் தண்ணீர் 1.4 மீட்டரில் இருந்தாலும், மழைக்காலத்தில் அது 1.1 மீட்டர் வரை ஏறி இறங்குகிறது. வருடா வருடம் ஏறியிருக்கிறது என்று மண்ணே எழுதி வைத்திருக்கிறது.

இதனால் இரண்டு விஷயம். டேங்கிலிருந்து வெளியே வரும் நீர் மண்ணில் ஊறிப் போகும்போது, காற்றோட்டமுள்ள மண்தான் அதைச் சுத்தப்படுத்தும். நீர் நிறைந்த மண் அப்படியே ஏரிக்குக் கடத்திவிடும். உறிஞ்சுகுழியின் அடிக்கும் மழைக்கால நீர்மட்டத்துக்கும் நடுவே 60 முதல் 120 செ.மீ. வரை உலர்ந்த மண் வேண்டும் என்பார்கள். உங்களிடம் மொத்தமே 110தான் இருக்கிறது. ஆழக்குழி போடவே கூடாது. ஆழமில்லாத வாய்க்காலாகவோ, மண் கொட்டி உயர்த்திய மேட்டிலோதான் போட வேண்டும். வீட்டுக்குப் பின்பக்கம், ஏரியிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்தில். 15 மீட்டர் போதும் என்பவர்களும் உண்டு, 30 கேட்பவர்களும் உண்டு. நான் 30 என்பேன். நம் கழிவில் இருக்கும் பாஸ்பரஸ்தான் ஏரியில் பாசிக்கு உரம். எந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்காரத்தான் வீடு கட்டுகிறோமோ, அதையே பச்சையாக்கிவிடக் கூடாது.

இரண்டாவது, டேங்க் மிதக்கும். நம்ப முடியாது, ஆனால் பார்த்திருக்கிறேன். நிலத்தடி நீரில் முழுகும் ஒவ்வொரு கன மீட்டருக்கும் ஒரு டன் வீதம் மேலே தள்ளும். காலி பிளாஸ்டிக் டேங்க் நூறு கிலோ சொச்சம் எடைதான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் ஏரிக்கரை வீட்டில் நல்ல மழைக்காலத்தில் டேங்கைக் காலி செய்தோம். மறுநாள் போனால் மூடி தரைக்கு மேலே ஒரு சாண் எழும்பி நிற்கிறது, வீட்டிலிருந்து வரும் குழாய் முறிந்து கிடக்கிறது. மண்ணைப் போட்டு மூடும்போதே டேங்க்குக்குள் தண்ணீரும் நிரப்பிக்கொண்டு வர வேண்டும். அடியில் கான்கிரீட் போட்டுப் பட்டை கட்டி இறுக்க வேண்டும். சுத்தம் செய்வதென்றால் கோடையில். இந்த வேலையைத் தெரிந்தவரிடம் கொடுங்கள், நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள்.

கலவைக்காரர்:
சரி, இப்போது அஸ்திவாரத்தைப் பேசலாம். ஏரியோர மண் பெரும்பாலும் களியும் வண்டலும். களிமண் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். வீட்டின் ஒரு மூலை ஏரிப் பக்கமும் மறு மூலை மேட்டுப் பக்கமும் இருந்தால் இரண்டும் ஒரே மாதிரி நகராது, சுவர் விரியும். எந்த வகை அஸ்திவாரம், எவ்வளவு ஆழம் என்பதை மண் பரிசோதனை செய்த பிறகு பொறியாளர் முடிவு செய்யட்டும். குழியை நீங்கள் தோண்டலாம், ஆசைப்பட்டால். ஆனால் ஒன்றரை மீட்டருக்கு மேல் போகும் குழியில் பக்கத்துக்கு முட்டு கொடுக்காமல் யாரும் இறங்கக் கூடாது. ஈர மண் சொல்லிக்கொண்டு சரியாது.

நான் உண்மையில் கவலைப்படுவது தண்ணீர் விடுவதைப் பற்றி. நீங்கள் வார இறுதிக்கு மட்டும் போகிறவர். கான்கிரீட் போட்டு, ஞாயிறு மாலை பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டால் அடுத்த ஐந்து நாள் அதற்கு யார் தண்ணீர் விடுவார்கள்? சிமெண்ட் இறுகுவது காய்ந்து போவதால் இல்லை, தண்ணீரோடு சேர்ந்து மாறுவதால்தான். குறைந்தது ஏழு நாள், கலப்பு சிமெண்ட் என்றால் பத்து முதல் பதினான்கு நாள் ஈரம் வேண்டும். ஏரிக்கரையில் காற்று ஓயாமல் அடிக்கும், மேல்பரப்பு சீக்கிரம் வறண்டுவிடும். தளத்துக்குப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். தூணுக்கு நனைத்த சாக்கைச் சுற்றி அதன்மேல் பிளாஸ்டிக் தாளை இறுக்கிக் கட்டுங்கள். அப்படியும் ஒருவரை நாள்தோறும் போய்ப் பார்க்கச் சொல்லி ஏற்பாடு செய்துவிட்டுத்தான் கலவையைக் கொட்ட வேண்டும். தூரத்தில் இருந்துகொண்டு வீடு கட்டுபவர்கள் சறுக்கும் இடம் இதுதான்.

அலைச்சத்தம்:
நாங்கள் கட்டி ஒன்பது வருடம் ஆகிறது. பெயிண்டும் டைலும் நானும் என் தங்கையும் சேர்ந்து செய்தோம். கலவைக்காரர் அண்ணா சொன்ன அதே அவசரம்தான் எங்களுக்கும். பூச்சு முடிந்து இரண்டே வாரத்தில், விடுமுறை கிடைத்ததே என்று உள்சுவர் முழுக்க பெயிண்ட் அடித்துவிட்டோம். மூன்று மாதத்தில் தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை கொப்புளம். விரலால் குத்தினால் உள்ளே வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தோம், நான்கு வார இறுதி அதிலேயே போனது. புதுச் சிமெண்ட் பூச்சு காரமாக இருக்கும், ஈரமும் வெளியேற வேண்டும். தண்ணீர் விட்டு முடித்த பிறகு நான்கு வாரமாவது விடுங்கள். சுவரில் ஒரு சதுரத்துக்குப் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பிரித்துப் பாருங்கள். உள்பக்கம் வேர்த்திருந்தால் இன்னும் காயவில்லை.

இன்னொன்று. மேற்குப் பார்த்துப் பெரிய ஜன்னல் வைத்தோம், ஏரியில் சூரியன் இறங்குவதைப் பார்க்க. வெயில் மேலிருந்து மட்டும் வராது, தண்ணீரில் பட்டுக் கீழிருந்தும் வரும் என்று யாரும் சொல்லவில்லை. ஜன்னலுக்கு மேலே எவ்வளவு சன்ஷேடு நீட்டினாலும் அந்த வெளிச்சத்தை மறைக்காது. நான்கு மணிக்கு மேல் அந்த அறையில் உட்கார முடியாது. கடைசியில் திண்ணை ஓரமாகத் தட்டி கட்டி, கொடி ஏற்றினோம். இப்போது அந்த இடம்தான் வீட்டிலேயே எனக்குப் பிடித்தது.

விளக்கும் யோசித்து வையுங்கள். திண்ணையில் வெள்ளை விளக்கு போட்டால் ஏரிப் பூச்சி மொத்தமும் அங்கேதான். மஞ்சள் விளக்குக்குக் குறைவாக வரும்.

ஓய்வுநேரத்தச்சன்:
மரத்தளம் பற்றி யாரும் பேசவில்லையே. உங்கள் பட்டியலில் மனசாரச் செய்யக்கூடிய வேலை அதுதான். தப்பு செய்தால் கண்ணில் படும், பலகையைக் கழற்றி மாட்டலாம். அதை வீட்டுச் சுவரோடு பிணைக்காதீர்கள், தனக்கென்று சொந்தக் கால்களில் நிற்கட்டும். சுவரில் மாட்டிய மரத்தளங்கள் பெரும்பாலும் அந்த இணைப்பில்தான் பிய்த்துக்கொண்டு விழும்.

மரக் காலைக் கான்கிரீட்டுக்குள் புதைக்கவே வேண்டாம். காலுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே ஓர் இரும்புக் காலணி வைத்து, மரம் இரண்டு மூன்று செ.மீ. காற்றில் நிற்கும்படி செய்யுங்கள். மரம் முழுக்கத் தண்ணீருக்குள் இருந்தால் வெகுகாலம் கெடாது, முழுக்கக் காய்ந்திருந்தாலும் கெடாது. நனைந்து காய்ந்து நனைகிற இடத்தில்தான் பூஞ்சை பிடித்து உளுக்கும், ஏனென்றால் அங்கே ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைக்கிறது. தண்ணீரில் நிற்கும் கால்களை நீர்மட்டக் கோட்டில் பாருங்கள், அங்கேதான் இடுப்பு சிறுத்துப்போயிருக்கும்.

பலகையின் வெட்டு முனையைப் பார்த்திருக்கிறீர்களா? குழாய்க் கட்டு மாதிரி சின்னச் சின்னத் துளைகள். ஒரு சொட்டு தண்ணீர் விட்டால் கண் முன்னால் உள்ளே போய்விடும். பக்கவாட்டில் அப்படி இழுக்காது. அதனால் ஒவ்வொரு வெட்டுக்கும் உடனே, ரம்பத்தைக் கீழே வைத்த கையோடு, முனைக்கு எண்ணெயோ சீலரோ இரண்டு முறை தடவுங்கள். நாளைக்கு மொத்தமாகத் தடவலாம் என்றால் பாதி விட்டுப்போகும். திருகாணி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். காய்ந்த பலகை என்றால் நடுவே 5 மி.மீ. இடைவெளி, ஈரப் பலகை என்றால் ஒட்டியே போடுங்கள், அது காய்ந்து தானே இடம் விடும்.

கரைமேல்வீடு:
எல்லோருக்கும் நன்றி. கரையோரக் கல் சுவரைப் பற்றி ஒரு வார்த்தை. பக்கத்து மனைக்காரர் செங்குத்தாகச் சுவர் கட்டி மேலே புல்தரை போட்டிருக்கிறார், பார்க்க அழகாக இருக்கிறது.

மண்ணும்நீரும்:
வேண்டாம். செங்குத்துச் சுவரில் மோதும் அலை திரும்பிப் போகும்போது சுவரின் காலடி மண்ணைத் தோண்டிக்கொண்டு போகும். சுவர் முடிகிற இடத்தில் அடுத்தவர் கரையையும் அரிக்கும். அதாவது உங்கள் கரையை! போய்ப் பாருங்கள், அவர் சுவர் முடியும் மூலையில் உங்கள் பக்கம் குடைந்திருக்கும். இருக்கிற கோரையையும் நாணலையும் அப்படியே விடுங்கள். அலையின் வேகத்தை அவை வாங்கிக்கொள்ளும், மேட்டிலிருந்து வரும் மண்ணையும் பிடித்துக்கொள்ளும். இறங்கி நடக்க ஒரு ஆள் அகல வழி மட்டும் போதும்.

கலவைக்காரர்:
இதில் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். ஏற்கெனவே குடைந்த மூலையை நாணல் மட்டும் காப்பாற்றாது. தண்ணீரை விட்டு மண்ணைப் பிடித்துக்கொள்ளும் வடிகட்டித் துணியைச் சரிவாக விரித்து, பெரிதும் சிறிதுமாகக் கோணல் கற்களை அடுக்கலாம், சிமெண்ட் இல்லாமல். அலை கல்லுக்குள் புகுந்து உடையும்.

மண்ணும்நீரும்:
அந்த மூலைக்கு மட்டும் என்றால் சரி, ஒப்புக்கொள்கிறேன். கல் இடுக்கில் நாணலையும் நட்டுவிடுங்கள். அனுமதி வாங்கிய பிறகு.

கரைமேல்வீடு:
ஏழு மாதம் கழித்து வருகிறேன். மூலை நீங்கள் சொன்ன மாதிரியே குடைந்திருந்தது. அனுமதி வாங்கி, அங்கே மட்டும் கல் அடுக்கினோம்.

அஸ்திவாரம், சுவர், கூரை, வயரிங், டேங்க் எல்லாம் ஆட்களிடம் கொடுத்தோம். தரைமட்டத்தைப் பாறைக் கோட்டுக்கு 60 செ.மீ. மேலே தூக்கினோம், திண்ணைக்கு நான்கு படி வந்துவிட்டது. பலத்த மழையில் ஒரு வாரம் அங்கேயே இருந்தேன். தண்ணீர் மரக் கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே வந்து நின்றது. பழைய வரைபடத்தின்படி கட்டியிருந்தால் அன்றைக்கு வாசற்படியைத் தொட்டிருக்கும்.

இப்போது குளியலறை டைல் நானே போடுகிறேன். தண்ணீர் வடிவதற்கான வாட்டம் (சரிவு) மீட்டருக்கு 12 மி.மீ. வைத்தேன். வாட்டர் ப்ரூஃபிங் அடித்து, வடிகாலை அடைத்து, இரண்டு நாள் தண்ணீர் நிறுத்திப் பார்த்தேன். பென்சில் கோடு இறங்கவில்லை. முதலில் சாமான் அறையில் போட்டுப் பழகினேன், அங்கே மூன்று டைல் தட்டினால் பொள்ளென்று சத்தம் வருகிறது. பெயர்த்துப் பார்த்தால் பசை நடுவில் மட்டும் பிடித்திருக்கிறது. அதற்குப் பிறகு டைலின் முதுகிலும் பசை தடவிவிட்டுத்தான் ஒட்டுகிறேன். மரத்தளத்துக்கு மரம் வந்து இறங்கியிருக்கிறது, அடுத்த மாதம் அதுதான்.

ஒரு கேள்வி. இரண்டு மாதம் பூட்டி வைத்துவிட்டுப் போனால் என்ன செய்துவிட்டுப் போக வேண்டும்?

அலைச்சத்தம்:
மெயின் வால்வை மூடிவிட்டு, எல்லாக் குழாயையும் ஒருமுறை திறந்து விடுங்கள். சுவரில் மேலேயும் கீழேயும் வலை போட்ட காற்றுத் துளை இருக்கட்டும், இல்லாவிட்டால் மெத்தை முதல் அலமாரி வரை பூசணம் பிடிக்கும். அலமாரிக் கதவுகளைத் திறந்தே விடுங்கள், சுவரை ஒட்டி எந்தச் சாமானும் வேண்டாம்.

வடிகாலுக்குக் கீழே வளைவில் நிற்கும் தண்ணீர் ஒரு மாதத்தில் வற்றிவிடும், அப்புறம் டேங்க் வாடை நேரே வீட்டுக்குள் வரும். கிளம்பும் முன் ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, மேலே இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விடுங்கள். எண்ணெய் மேலே மிதந்து தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளும். ஃபிரிட்ஜைக் காலி செய்து அணைத்துவிட்டு, கதவு மூடாதபடி ஒரு துண்டை மடித்துச் செருகுங்கள்.

ஓய்வுநேரத்தச்சன்:
வந்த மரத்தைக் கட்டுப் பிரித்து, அடியில் கட்டை கொடுத்து, ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே சின்னக் குச்சி வைத்து அடுக்கி விடுங்கள். மேலே மட்டும் தாள் போட்டு மூடுங்கள், பக்கத்தை மூட வேண்டாம். அப்படியே மூன்று வாரம் ஏரிக் காற்றில் இருக்கட்டும். முதல் பலகையை வெட்டும் நாளில் போட்டோ போடுங்கள்.